தகுதிச் சுற்று தரும் தகுதி

உலகம் கோப்பையைக் கையில் ஏந்தியவர்களையே பார்க்கிறது. செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் வென்ற அணியின் படம் பெரிதாக வெளிவருகிறது. தொலைக்காட்சியிலும் அதே காட்சி மீண்டும் மீண்டும் காட்டப்படுகிறது. ஆனால் அந்தப் போட்டியில் இடம் பெறுவதற்கே எத்தனை அணிகள் போராடின, எத்தனை அணிகள் வாயில்வரை வந்து திரும்பின என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. பெண்கள் விளையாட்டு என்றால் அந்தச் சிலரும் குறைந்துவிடுவர். அதிகம் பேசப்படாத அத்தகைய போட்டி ஒன்றைப் பற்றி இவ்வாண்டு மலரில் நம் கருத்தைக் கூற விழைகிறோம். 19 வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் நுழைவதற்காக மண்டலந்தோறும் நடத்தப்படும் தகுதிச் சுற்றே அது.

பெண்களுக்கான முதல் உலகக் கோப்பைக் கிரிக்கெட் 1973-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடைபெற்றது. ஆடவருக்கான முதல் உலகக் கோப்பை 1975-இல்தான் நடந்தது. இதைக் கேட்டு வியப்பவர் பலர். பெண்கள் ஈராண்டு முந்திக்கொண்டனர் என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் இளையோர் கதை வேறு. இளைஞர்களுக்கான முதல் உலகக் கோப்பை 1988-இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது. அதே வயதுப் பெண்களுக்கோ 2023 ஜனவரியில்தான் தென்னாப்பிரிக்காவில் அந்த வாய்ப்புக் கிட்டியது. இடையே 35 ஆண்டுகள்! 1988-இல் 15 வயதுச் சிறுமியாக இருந்தவள், அந்த நாள் வந்தபோது 50 வயதைத் தொட்டிருப்பாள். அவள் ஆடியிருக்க வேண்டிய ஆட்டத்தை அவளுடைய மகளும் ஆடாமலே வளர்ந்துவிட்டாள். இவ்வளவு காலம் கழித்துத் திறந்த வாயில் ஆதலால், அது எத்தகையது, யாருக்காகத் திறந்திருக்கிறது என்று பார்ப்பது நம் கடமையாகிறது.

இப்போட்டியில் 16 நாடுகள் பங்கேற்கின்றன. ஓர் அணிக்கு 20 ஓவர்கள். இந்தியா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து போன்ற பெரிய கிரிக்கெட் நாடுகள் நேரடியாக வந்துவிடுகின்றன. ஏனைய நாடுகளைச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா, கிழக்காசிய பசிபிக் என ஐந்து மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. ஒரு மண்டலத்துக்கு ஓரிடம் என்பதே நடைமுறையாக இருந்து வருகிறது. மண்டலத்துக்குள் மோதி முதலில் நிற்கும் அணிக்கே உலகக் கோப்பையின் கதவு திறக்கும். மற்ற அணிகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

எட்டு ஓட்டங்கள்

முதல் உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச் சுற்று 2022 ஜூன் மாதத்தில் மலேசியாவின் பாங்கி என்னும் ஊரில் நடந்தது. நேபாளம், ஐக்கிய அரபு அமீரகம், தாய்லாந்து, பூட்டான், கத்தார் முதலிய நாடுகளின் பெண்கள் வந்திருந்தனர். நேபாளமும் அமீரகமும் மோதிய ஆட்டத்தில் நேபாளப் பெண்கள் அனைவரும் 8 ஓட்டங்களுக்குள் ஆட்டமிழந்தனர். ஒருவர் எடுத்தது 8 அன்று. அணி முழுவதும் சேர்ந்து எடுத்தது 8! அவர்களுள் மிக அதிகமாக எடுத்தவரின் கணக்கில் இருந்தவை 3 ஓட்டங்கள். அமீரகத்தின் மகிகா கௌர் 2 ஓட்டங்களை மட்டுமே கொடுத்து 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பின்னர் ஆடிய அமீரகம் 7 பந்துகளில் வெற்றி பெற்றது.

தகுதிச் சுற்றைத் திரும்பிப் பாராத உலகம், அந்த ஒரு நாள் மட்டும் திரும்பிப் பார்த்தது. 8 ஓட்டங்கள் என்பது பல நாடுகளில் செய்தியாயிற்று. இப்படிப்பட்ட செய்திகள் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவதுண்டு. “ஆடத் தெரியாத அணிகளை ஏன் அழைக்கிறார்கள்? இது அந்தப் பிள்ளைகளுக்கும் அவமானம், ஆட்டத்துக்கும் அவமானம் அல்லவா?” என்பதே அக்கேள்வி. கேட்பவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. அந்தப் பிள்ளைகளின்மேல் இரக்கங்கொண்டு கேட்பவர்களும் உண்டு. ஆயினும் அக்கேள்விக்கு ‘அழைக்க வேண்டாம்’ என்பது விடையாகாது என்பதே நம் கருத்து.

ஏனெனில், அன்று அந்த 5 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் யார் என்று பாருங்கள். மகிகா கௌருக்கு அப்போது வயது 16. அவரும் பள்ளிப் பருவத்துப் பெண்ணே. ஆனால் 2019-ஆம் ஆண்டிலேயே, தம் 12-ஆம் வயதில், அமீரகத்தின் மூத்தோர் அணியில் பன்னாட்டுப் போட்டி ஆடியவர். நல்ல உயரமும் இடக்கை வேகப்பந்து வீச்சும் உடையவர். 2023-இல் அவர் இங்கிலாந்து தேசிய அணியிலும் இடம் பெற்றார். அத்தகைய கை வீசும் பந்து காற்றில் வளைந்து காலருகே வந்து விழும். அதை முதன்முறையாகச் சந்திக்கும் பெண்ணுக்கு மட்டையை எப்போது இறக்குவது என்றே தெரியாது. முதல் இருவர் வந்த வேகத்தில் திரும்பினால், அடுத்துச் செல்ல வேண்டியவளின் உள்ளத்தில் அச்சம் புகுந்துவிடுகிறது. அச்சம் புகுந்தபின் சாதாரணப் பந்தும் சீறும் பாம்பாகத் தோன்றும். தேர்வு மண்டபத்தில் முதல் வினா தெரியாதபோது, தெரிந்த ஐந்தாம் வினாவும் மறந்துபோவதை நம் மாணவியர் அறிவர்.

ஆகவே, அன்று இரண்டு அணிகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு பெரும்பாலும் அனுபவத்தில்தான் இருந்தது. ஒரு பக்கம் பெரிய ஆட்டங்களை மூன்றாண்டுகளாகக் கண்ட கை. மறுபக்கம் அத்தகைய பந்தைக் கண்டிராத கண்கள். அனுபவம் கடையில் கிடைக்கும் பொருளன்று. களத்தில் இறங்கித்தான் பெற வேண்டும். அனுபவம் இல்லை என்று களத்தைவிட்டு விலக்கினால், நீந்தத் தெரிந்த பிறகு குளத்தில் இறங்கு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

நேபாளத்தை யாரும் விலக்கவில்லை. அவர்களும் விலகவில்லை. 2025-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கான ஆசிய இடத்தைப் பெற்ற நாடு எது தெரியுமா? அதே நேபாளம்தான்! 8 ஓட்டங்களுக்கு வீழ்ந்த நாட்டின் பெண்கள், மூன்றாண்டுகளுக்குள், அந்த வீழ்ச்சி நிகழ்ந்த மலேசிய மண்ணுக்கே உலகக் கோப்பை ஆட வந்தனர். முதல் ஆட்டத்தில் வங்கதேசத்திடம் 52 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்து தோற்றனர் என்பது உண்மையே. ஆனால் அந்த 52 ஓட்டங்களைத் தாண்டுவதற்குள் வங்கதேசம் 5 விக்கெட்டுகளை இழந்தது. தோற்றவர்கள் எதிரியை வியர்க்க வைத்தனர். 2027-ஆம் ஆண்டின் போட்டியை வங்கதேசமும் நேபாளமும் சேர்ந்து நடத்தும் என்று 2022-லேயே சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அறிவித்ததும் இங்கு நினைக்கத்தக்கது.

ருவாண்டா சொல்லும் பாடம்

ஆப்பிரிக்க மண்டலத்தின் கதை இதைவிட உள்ளத்தை உருக்குவது. ருவாண்டா கத்தோலிக்கர் பெருந்தொகையாக வாழும் சிறிய நாடு. 1994-ஆம் ஆண்டில் அங்கு நிகழ்ந்த இனப்படுகொலையில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அடைக்கலம் தேடி ஆலயங்களுக்குள் ஓடியவர்களும் அங்கேயே கொல்லப்பட்டனர். அண்டை நாடுகளில் அகதிகளாக வாழ்ந்தோர் தாயகம் திரும்பியபோது, உகாண்டாவிலும் கென்யாவிலும் தான்சானியாவிலும் கற்ற கிரிக்கெட்டையும் உடன் கொண்டுவந்தனர். 1999-இல் அங்குக் கிரிக்கெட் சங்கம் தோன்றியது. தலைநகர் கிகாலியில், கஹாங்கா என்னுமிடத்தில் நல்ல மைதானம் ஒன்று 2017-இல் திறக்கப்பட்டது.

அந்த நாட்டின் பெண்கள் 2022-இல் போட்ஸ்வானாவில் நடந்த ஆப்பிரிக்கத் தகுதிச் சுற்றில் வென்று, அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக்குச் சென்றனர். ஆடவரோ மகளிரோ, எந்த வயதினரோ, ருவாண்டாவின் அணி ஒன்று கிரிக்கெட் உலகக் கோப்பையில் நின்றது அதுவே முதன்முறை. அங்கே அவர்கள் ஜிம்பாப்வேயை 39 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றனர். பிறகு புகழ்பெற்ற மேற்கிந்தியத் தீவுகள் அணியை 70 ஓட்டங்களுக்குச் சுருட்டி, 4 விக்கெட்டுகள் வித்தியாசத்தில் வென்றனர். இரத்தம் தோய்ந்த நாடு என்றே உலகம் அறிந்திருந்த ஒரு நாட்டின் பெயரை, படுகொலைக்குப் பின் பிறந்த பெண்கள் வேறொரு காரணத்துக்காக உலகின் வாயில் வரச் செய்தனர். தகுதிச் சுற்று என்ற ஒன்று இல்லாதிருந்தால் இந்த ஆட்டமே நிகழ்ந்திராது. பெரிய நாடுகள் தமக்குள் ஆடி முடித்திருக்கும். ருவாண்டா அதைச் செய்தித்தாளில் படித்திருக்கும்.

2025-இல் ஆப்பிரிக்க வாயில் வழியே வந்தது நைஜீரியா. மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், ஜனவரி 20 அன்று, மழையால் 13 ஓவர்களாகக் குறைக்கப்பட்ட ஆட்டத்தில் அவர்கள் நியூசிலாந்தைச் சந்தித்தனர். நைஜீரியா எடுத்தது 65 ஓட்டங்கள். நியூசிலாந்துக்குக் கடைசி ஓவரில் 9 ஓட்டங்கள் தேவைப்பட்டன, கிடைத்தவை 6. முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்த நாடு, சென்ற முறை அரையிறுதிவரை சென்ற நாட்டை 2 ஓட்டங்களில் வென்றது.

வாயில் அகலட்டும்

தகுதிச் சுற்றைப் போற்றுகிறோம் என்பதால் அதன் குறையை மறைக்க வேண்டியதில்லை. 2023-இல் மேற்கிந்தியத் தீவுகளை வென்ற ருவாண்டா, 2025-இல் உலகக் கோப்பையில் இல்லை. தோற்ற மேற்கிந்தியத் தீவுகள் நேரடியாக வந்தது. 2023-இல் வந்த அமீரகமும் இந்தோனேசியாவும் 2025-இல் வெளியே நின்றன. அவற்றின் மண்டலங்களிலிருந்து நேபாளமும் சமோவாவும் வந்தன. பெரிய நாடு எத்தனை முறை தோற்றாலும் அதன் நாற்காலி அப்படியே இருக்கிறது. சிறிய நாடு ஒரு பிற்பகலில் சறுக்கினால் ஈராண்டு காத்திருக்க வேண்டும்.

ஈராண்டு என்பது பெரியவர்களுக்குச் சிறிது காலம். 17 வயதுப் பெண்ணுக்கோ அது முழு வாழ்வு. அடுத்த போட்டி வருவதற்குள் அவளுக்கு 19 வயது நிறைந்துவிடும். அவளுக்கு அந்தக் கதவு பிறகு ஒருபோதும் திறவாது. ஆசியா எவ்வளவு பெரிய கண்டம்! ஆப்பிரிக்காவில் எத்தனை நாடுகள்! இவ்விரு மண்டலங்களுக்கேனும் இரண்டிரண்டு இடங்கள் கொடுப்பது நியாயம் அல்லவா? தரம் குறையும் என்பார்க்கு ருவாண்டாவும் நைஜீரியாவும் களத்திலேயே விடை கூறிவிட்டன.

எதிர்வாதத்தில் உள்ள உண்மையையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். 2025-இல் சமோவா தென்னாப்பிரிக்காவிடம் 16 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. தென்னாப்பிரிக்கா 10 பந்துகளில் வென்றது. போட்டியை நடத்திய மலேசியா, இலங்கையிடம் 23 ஓட்டங்களுக்கும் இந்தியாவிடம் 31 ஓட்டங்களுக்கும் வீழ்ந்தது. அந்த 31-ஐத் தாண்ட நம் நாட்டுப் பெண்களுக்கு 17 பந்துகளே போதுமானவையாக இருந்தன. இத்தகைய ஆட்டத்தில் தோற்றவர் கற்பது குறைவு. வென்றவர் கற்பது அதனினும் குறைவு. ஆனால் இதற்கு மருந்து என்ன? வாயிலை அடைப்பதா? இரண்டு உலகக் கோப்பைகளுக்கு இடையே, ஒத்த வலிமையுடைய அண்டை நாடுகள் ஆண்டுதோறும் தமக்குள் பல முறை ஆட வழி செய்வதே மருந்து. ஈராண்டுக்கு ஒரு முறை நான்கைந்து நாள் ஆட்டம், பிறகு நீண்ட மௌனம் என்றிருந்தால் எந்தப் பிள்ளையும் வளராது. வாரம் ஒரு முறை மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டுச் செடி வாடுகிறதே என்று வருந்துவதில் பொருளில்லை.

நம் வீட்டு வாயில்

நேபாளமும் ருவாண்டாவும் தொலைவில் உள்ளன. ஆனால் தகுதிச் சுற்று நம் ஊரிலும் உண்டு. குறுவட்டம், மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று நம் பள்ளிப் பிள்ளைகளும் படிப்படியாகவே ஏற வேண்டும். இங்கும் அதே கேள்வி வேறு குரலில் கேட்கிறது. “வெல்லும் அணி என்றால் அனுப்பலாம், தோற்கப் போகிறவர்களுக்குப் பேருந்துக் கட்டணம் எதற்கு? ஒரு நாள் படிப்பு வீணாகிறதே!” என்று சொல்லப்படுவதைப் பல இடங்களில் கேட்கிறோம். தேர்வு நெருங்கினால் உடற்கல்வி வகுப்பு கணக்கு வகுப்பாக மாறிவிடுகிறது. எட்டாம் வகுப்பில் துள்ளித் திரிந்த பெண், பத்தாம் வகுப்பில் மைதானத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறாள்.

பெற்றோரின் கவலையை நாம் எளிதாக எண்ணவில்லை. வெயில், காயம், மதிப்பெண், இருட்டுவதற்குள் பெண் வீடு திரும்ப வேண்டுமே என்ற பதைப்பு ஆகிய யாவும் நியாயமானவையே. பொறுப்புள்ள ஆசிரியை ஒருவர் உடன் செல்வதும், திரும்பும் நேரம் முன்கூட்டியே வீட்டுக்குத் தெரிவிக்கப்படுவதும், தவறவிட்ட பாடத்தை மறுநாள் சொல்லிக்கொடுப்பதும் இக்கவலைகளில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். தீர்க்கக்கூடிய கவலைக்காகத் திறமையைப் பூட்டி வைக்கலாகாது.

இந்தியப் பெண்கள் 2023-இல் இங்கிலாந்தையும் 2025-இல் தென்னாப்பிரிக்காவையும் இறுதி ஆட்டங்களில் வென்று இக்கோப்பையை இரு முறையும் கைப்பற்றினர். இரண்டாம் முறை, இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் ஆட்டமிழக்காமல் 56 ஓட்டங்கள் எடுத்தவர் மதுரையைச் சேர்ந்த ஜி. கமலினி என்பது தமிழகத்துக்குப் பெருமை. 2023-இல் அணிக்குத் தலைமை தாங்கிய ஷஃபாலி வர்மா, 2025-இல் மூத்தோர் உலகக் கோப்பைக்கான அணியில் முதலில் தேர்ந்தெடுக்கப்படவில்லை. வேறொருவர் காயமுற்றதால் அரையிறுதிக்கு முன் அழைக்கப்பட்டார். நவம்பர் 2 அன்று நவி மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் 87 ஓட்டங்கள் எடுத்து, இந்தியா முதன்முறையாக அக்கோப்பையை வெல்ல வழி வகுத்தார்.

இவர்களைச் சுட்டிக்காட்டி, ஆடினால் நீங்களும் புகழும் பணமும் பெறலாம் என்று சொல்ல நாம் வரவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுள் ஒருத்திக்கே அது வாய்க்கும். நாம் பேசுவது வாய்க்காத மற்றவர்களுக்காக. குறுவட்டத்திலேயே தோற்றுத் திரும்பும் அணியின் பதினோராம் ஆட்டக்காரிக்காக. வேறு பள்ளிப் பிள்ளைகளைச் சந்தித்து, கூச்சம் நீங்கி, தோற்றபின் எதிரணியோடு கைகுலுக்கி, பேருந்தில் வரும்போதே ‘அடுத்த முறை இப்படிச் செய்யலாம்’ என்று பேசக் கற்கும் அவளுக்கு அந்த ஒரு நாள் வீண் நாளன்று. நாளை வேலை கிடைக்காதபோதும், நோய் வந்தபோதும், இல்லறத்தில் இடர் நேர்ந்தபோதும் மீண்டும் எழுந்து நிற்க அவளுக்கு அன்று கற்றது உதவும். எந்தப் பாடநூலிலும் இதற்கென ஓர் அதிகாரம் இல்லை.

நம் ஆண்டவர் கூறிய தாலந்து உவமையை நம் மறைக்கல்வி வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் கண்டிக்கப்பட்ட ஊழியன் தலைவனின் பணத்தை இழந்தவன் அல்லன். இழந்துவிடுவோமோ என்று அஞ்சி, அதை மண்ணில் புதைத்து வைத்தவன். கொரிந்தியருக்கு எழுதிய திருமுகத்தில் புனித சின்னப்பர் ஓட்டப்பந்தயத்தைக் கிறிஸ்தவ வாழ்வுக்கு உவமையாக எடுத்தாள்கிறார். ஓட்டத்தில் கலந்துகொள்ளாதவருக்கு அந்த உவமையில் இடமே இல்லை.

ஆகவே, நம் பள்ளி நிர்வாகத்தையும் அருட்சகோதரியரையும் பணிவுடன் வேண்டுகிறோம். இவ்வாண்டு போலவே இனியும், வெல்லுமா தோற்குமா என்று கணக்குப் பாராமல், ஆட விரும்பும் ஒவ்வோர் அணியையும் குறுவட்டப் போட்டிக்கு அனுப்புங்கள். பெற்றோரை வேண்டுகிறோம். மாலையில் வீடு திரும்பும் மகளிடம் ‘ஜெயித்தாயா?’ என்று கேட்குமுன், ‘எப்படி ஆடினாய்?’ என்று கேளுங்கள். தோழியரே, உங்களையும் வேண்டுகிறோம். 8 ஓட்டங்களுக்குத் தோற்ற அணியைக் கண்டு நகைக்காதீர்கள். அந்த அணியே பின்னாளில் உலகக் கோப்பைக்குச் சென்றது.

வாயில் எவ்வளவு குறுகியதாயினும், அதன்முன் சென்று நிற்கும் துணிவு நம் பிள்ளைகளுக்கு வளர்க! வாயிலை அகலத் திறக்கும் மனம் பெரியோர்க்கு வாய்க்க!